மேசைக்கு அடியில் என் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரர் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்ப்பார். அப்புறம்தான் உட்காருவார். கல்யாண வீடு, காதுகுத்து வீடு, துக்க வீடு என்ற பேதமே கிடையாது. சேவூரில் என் பெரியப்பா இறந்தபோது எல்லோரும் அழுதுகொண்டிருக்க, இவர் பெரியப்பாவைக் கிடத்தியிருந்த பெஞ்சின் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு என் காதருகே வந்து, "நல்ல ஈட்டி மரம் புள்ள" என்றார். அன்றைக்கு நான் அழுத அழுகையில் பாதிதான் பெரியப்பாவுக்கு. மீதி என் தலையெழுத்துக்கு.

இந்தப் பைத்தியத்தை ஆரம்பித்து வைத்தவள் நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு அருள்புரத்தில் ஒரு நிட்டிங் கம்பெனி இருக்கிறது. நூலைக் கொண்டுவந்து கொடுத்தால் பனியன் துணியாக ஓட்டித் தருவோம். கையில் நாலு காசு சேர்ந்து புது வீடு கட்டினோம். எக்ஸ்போர்ட்காரர்கள் வீட்டு ஹாலில் வைத்திருக்கிற மாதிரி நம் வீட்டிலும் நாலு பழைய மரச்சாமான் இருந்தால்தான் பரம்பரைக் குடும்பமாகத் தெரியும் என்று நான் நச்சரித்தேன். சரி என்று கிளம்பியவர், அதற்குப் பிறகு நிற்கவே இல்லை.

அவிநாசிபாளையத்தில் ரோட்டோரம் ஒரு பழைய சாமான் கடை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கேதான் கிடப்பார். கடைக்காரர் சொல்லிக்கொடுத்த பாடத்தையெல்லாம் வீட்டுக்கு வந்து எனக்கு ஒப்பிப்பார். பழைய சாமானில் இரும்பாணி இருக்காது, மரஆணிதான் இருக்கும். இழுப்பறையின் மூலைவெட்டு எல்லாம் ஒரே அளவாக இருந்தால் மெசின் வெட்டு, முன்னேபின்னே இருந்தால் கைவெட்டு. அடிப்பக்கம் பாலிஷ் போட்டிருந்தால் சந்தேகப்பட வேண்டும், அந்தக் காலத்து ஆசாரி கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் பாலிஷ் போட்டு வீணாக்க மாட்டார். நாற்காலியின் முன்கட்டை காலை வைத்து வைத்துத் தேய்ந்திருக்க வேண்டும். இத்தனையும் தெரிந்துகொண்டு என்ன வாங்கினார் தெரியுமா? செட்டிநாட்டு பீரோ என்று ஒன்று. நான் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தேன். துணியெல்லாம் டீ டிக்காஷன் நிறம். பின்பக்கம் முழுக்கப் பிளைவுட். பூச்சி அரித்த ஓட்டைகள்கூட டிரில்லிங் மெசினில் போட்டவை, வரிசை பிசகாமல் இருந்தன.

"ஏமாத்திப்போட்டான் புள்ள" என்று சிரித்தார். அடுத்த ஞாயிறு அதே கடைக்குப் போய் அதே ஆளிடம் டீ குடித்துவிட்டு வந்தார். அப்படி ஒரு மனுசன்.

மரத்தைத் தட்டிப் பார்க்க அவர் இடது கை ஆள்காட்டி விரலைத்தான் உபயோகிப்பார். அந்த விரலில் நகம் கிடையாது. நிட்டிங் மெசின் கடித்தது. கம்பெனி வைப்பதற்கு முன்னால் அவர் பிட்டர். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிற மெசினைப் பெட்டி பிரித்து, நிறுத்தி, மட்டம் பார்த்து, ஓட்டிக் கொடுக்கிற வேலை. ஷெட் ஷெட்டாகப் போவார். வீட்டுக்கு வந்தால் மெசின் ஊசிக்கு விடுகிற நீடில் ஆயில், சோப்பு போட்டும் போகாத வாசம். அந்த ஆயில் வாசத்தில்தான் எங்கள் வீட்டில் சோறு வெந்தது, மகள் காலேஜ் படித்தாள். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் நான் வெட்கப்பட்டேன்.

மகளுக்கு வரன் பேசியபோது, "எங்க மாமனாரு காலத்துல இருந்தே கம்பெனிங்க" என்று நடுவில் பேசியவரிடம் சொல்லி வைத்தேன். என் மாமனார் கம்பெனி வாசலைக்கூடப் பார்த்ததில்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்கிறார்கள், நான் ஒன்றுதானே சொன்னேன் என்று எனக்கு நானே சமாதானம். மகள் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அந்தப் பையனும் அதே கம்பெனிதான். எத்தனையோ வரனைத் தட்டிக்கழித்தவள் இந்தப் பையனுக்கு மட்டும் "சரிம்மா" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. இதில் ஏதாவது கோளாறு வந்தால் என் பெண் உடைந்துபோவாள். எனக்கு இருந்த பயமெல்லாம் அதுதான்.

மாப்பிள்ளை வீடு பார்க்க நாங்கள் இரண்டு பேரும் போனோம். காரிலேயே சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க, அங்க போயி எதையும் கவுத்துப் பாக்கக் கூடாது. தட்டக் கூடாது. மோந்து பாக்கக் கூடாது."

"செரி."

"பிட்டரு கதை ஒரு வார்த்தை வரக் கூடாது."

நகமில்லாத விரலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "செரி புள்ள" என்றார்.

நல்ல பெரிய வீடு. ஹால் நடுவில் ஒரு மேசை. அதைப் பார்த்ததும் இவர் கையைத்தான் பார்த்தேன். அகலமான பலகைகள், கடைசல் கால்கள், கருகருவென்று மினுமினுப்பு. அதன்மேல் தட்டுத் தட்டாகப் பலகாரம். மாப்பிள்ளையின் அம்மா சிரித்த முகமாக வரவேற்றார். என் வீட்டுக்காரரின் கண் போகிற இடத்தைப் பார்த்துவிட்டு அவரே ஆரம்பித்தார்.

"மேசையப் பாக்கறீங்களாங்க? எங்க மாமனாரோட அப்பாரு ரங்கூன்ல இருந்து கொண்டாந்ததுங்க. அசல் பர்மா தேக்கு. கப்பல்ல வந்த மரமுங்க."

மாப்பிள்ளையின் அப்பா காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

வாயைக் கட்டலாம், கையைக் கட்ட முடியுமா? நான் ஜாங்கிரியைப் பிட்டு வாயில் போடுவதற்குள் இவர் துண்டைச் சோபாவில் போட்டுவிட்டு மேசைக்கு அடியில் போய்விட்டார். சென்னிமலை முருகா, பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. முக்காடு போட்டுக்கொள்ளலாம் என்றால் உடுத்தியிருந்தது கனமான பட்டு.

"மரஆணி இருக்குதுங்க!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

அப்புறம் தட்டுகிற சத்தம். நகமில்லாத விரலின் சத்தம், எனக்குத் தெரியும். அப்புறம் மூச்சை இழுக்கிற சத்தம்.

"அட! இது ஆணி இல்லீங்க, போல்ட்டு ஓட்டைய அடைச்ச கட்டைங்க. முக்கோணமா மூணு ஓட்டை! நிட்டிங் மெசினோட மூணு காலையும் முடுக்கற எடமுங்க இது. இன்னும் நீடில் ஆயில் வாசம் அடிக்குது பாருங்க. பொட்டி மரமுங்க! மெசின் வந்த பொட்டி! இந்த மாதிரி எத்தனை பொட்டிய நான் பிரிச்சிருப்பேன்!"

தொலைந்துபோன பிள்ளையைக் கண்ட மாதிரி அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. மெசின் வந்து இறங்கினால் பெட்டி மரம் அதை முதுகில் சுமந்து இறக்குகிற லோடுமேனுக்குச் சொந்தம். கேட்கக்கூட வேண்டாம், அது அந்தக் காலத்து வழக்கம். பெட்டி மரத்தில் ஒரு வீட்டில் மேசை இருக்கிறது என்றால் அந்த வீட்டில் ஒரு லோடுமேன் இருந்திருக்கிறார். பெட்டி மரத்தை மோந்து பார்த்தே ஒருவர் கண்டுபிடிக்கிறார் என்றால் அவர் பிட்டர். அவர்களுடைய ரங்கூனும் போனது, என் மாமனார் காலத்துக் கம்பெனியும் போனது. இரண்டு குடும்பத்து மானமும் ஒரே கப்பலில் ஏறியது. மரம் கப்பலில் வந்தது என்று அந்த அம்மா சொன்னது மட்டும் நிஜம்தான்.

அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. மகளின் முகம்தான் முன்னால் நின்றது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அவரு சும்மா சொல்றாருங்க. மெசினையெல்லாம் ஆளுங்க பாத்துக்குவாங்க. இவரு ஒரு ஸ்பேனரைக் கையில தொட்டது இல்லீங்க. மரத்தப் பத்தி இவருக்கு என்னங்க தெரியும்? இது தேக்குதானுங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். மேசைக்கு அடியிலிருந்து மெதுவாக வெளியே வந்தார். தலைமுடியில் ஒட்டடை. என்னைப் பார்த்தார். இடது கையை வேட்டி மடிப்புக்குள் நுழைத்துக்கொண்டார்.

"ஆமாங்க. தேக்குதானுங்க. தப்பாச் சொல்லிப்போட்டனுங்க" என்றார்.

மாப்பிள்ளையின் அப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"இல்லீங்க. நீங்க சொன்னதுதானுங்க செரி. பொட்டி மரந்தான். நாந்தான் முதுகுல எறக்குனேன். பையன் பொறந்த வருசம், ஊட்டுல ஒரு மேசை இல்லைன்னு நாலு பொட்டி மரத்தச் சேத்து ஆசாரிகிட்டக் குடுத்தனுங்க." மனைவியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "ரங்கூனெல்லாம் இவ கட்டுன கதைங்க. நானும் எத்தனை நாளைக்குத்தான் கேட்டுக்கிட்டு இருக்கறது."

அந்த அம்மா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சம்பந்தி ஊட்டுக்காரங்க முன்னாடி கௌரவமா இருக்கட்டும்னு சொன்னனுங்க அக்கா, தப்பா நெனைச்சுக்காதீங்க" என்று என் கையைப் பிடித்தார்.

அவர் தன் பொய்யை இறக்கி வைத்துவிட்டார். நானும் வைத்திருக்கலாம். ஒரு வார்த்தை போதும்.

மாப்பிள்ளையின் அப்பா என் வீட்டுக்காரர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். ஒரு கூட்டாளி கிடைத்துவிட்ட ஆசை அவர் கண்ணில். "ஏனுங்க, நீங்க எந்தக் கம்பெனியில பிட்டரா இருந்தீங்க? மோப்பத்துலயே புடிச்சுட்டீங்களே!"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சொல்லட்டும் என்று பார்த்தாரா, சொல்லட்டுமா என்று கேட்டாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு, "காப்பி ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றேன்.

"நான் எங்கீங்க பிட்டரு" என்றார் அவர். "ஆளுங்க வேலை செய்யறதப் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன், அவ்வளவுதானுங்க."

மாப்பிள்ளையின் அப்பா அதை நம்பவில்லை. வேட்டி மடிப்புக்குள் இருந்த கையை ஒரு பார்வை பார்த்தார், அதற்குமேல் கேட்கவில்லை. வரன் முடிந்தது. தை மாதம் கல்யாணம். நான் பயந்த எதுவும் நடக்கவில்லை.

வீட்டுக்கு வந்தும் அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு பேச்சுப் பேசி, அழுது, அன்றைக்கே முடித்திருப்பேன். பையன் மூலம் விஷயம் மகளுக்குப் போய்விட்டது. "அப்பா ஸ்பேனரத் தொட்டதே இல்லைன்னா சொன்னே?" என்று கேட்டாள். "உனக்காகத்தான் கண்ணு" என்றேன். "எனக்காக யாரும்மா கேட்டது?" என்று உள்ளே போய்விட்டாள்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து போனது. அவர் கடைக்குப் போகவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் காட்டிய நாற்காலியில் மரியாதையாக உட்கார்ந்து எழுந்து வருகிறார். எத்தனை வருசமாக இதற்கு நான் சண்டை போட்டேன்! இப்போது அவர் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

போன வாரம் நானே அவிநாசிபாளையம் கடைக்குப் போனேன். "சாரு வரலீங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். காய்ச்சல் என்று இன்னொரு பொய் சொன்னேன். சாய்வு நாற்காலி ஒன்றைக் காட்டி, நூறு வருசத்துச் சாமான் என்றார். அடிப்பக்கம் பார்த்தேன். பளபளவென்று புது ஸ்க்ரூ. எனக்கே தெரிந்தது. வேண்டுமென்றேதான் அதை வாங்கினேன். இதைப் பார்த்தால் அவர் விழுந்து விழுந்து சிரிப்பார், "உன்னையும் ஏமாத்திப்போட்டான் புள்ள" என்பார், நான் அந்தச் சாக்கில் என் மனசில் இருக்கிறதைச் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஹாலில் கொண்டுவந்து போட்டேன். அவர் போய் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, பழசான்னு பாருங்க."

"நல்லாத்தான் இருக்குது."

"கவுத்துப் பாருங்கன்னா."

"எதுக்கு?"

அவரை எழுப்பிவிட்டு நானே நாற்காலியைக் கவிழ்த்தேன். ஸ்க்ரூ அத்தனையும் ஜன்னல் வெளிச்சத்தில் மின்னின. குனிந்து பார்த்தார், எல்லாவற்றையும் பார்த்தார். இடது கை மட்டும் வேட்டி மடிப்பை விட்டு வெளியே வரவில்லை.

"தேக்குதான் புள்ள" என்றார்.