பிடி என்றால் விடு

முழங்கைக்குக் கீழே வெளுத்திருந்த திட்டைத் தேமல் என்றுதான் நினைத்தேன். கிள்ளினால் வலிக்கவில்லை. சாதுவான தேமல் என்று விட்டுவிட்டேன். அது தொழுநோய் என்று அரசு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாத்திரை கொடுத்தார்கள், விழுங்கினேன்.

சில மாதம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு திட்டு சிவந்து தடித்தது. முழங்கை விண்விண் என்று தெறித்தது. வலது சுண்டுவிரல் சொன்ன பேச்சு கேட்கவில்லை. நான் சிவாஜிநகரில் ஒரு தையல் கடையில் துணி வெட்டுகிறவன். கோடு ஒரு பக்கம் போக, கத்தரிக்கோல் வேறு பக்கம் போனது. மாத்திரைதான் கெடுத்தது என்று டாக்டரிடம் சண்டைக்கே கிளம்பினேன். மனைவி கூட வந்தாள். இதே ஊரில், ஈஜிபுராவிலேயே பிறந்து வளர்ந்தவள். கன்னடம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கல்யாணத்துக்குப் பிறகு ஆம்பூரிலிருந்து வந்த எனக்கு பஸ் ஏறி இறங்கும் அளவுக்குத்தான் தெரியும்.

டாக்டர் என் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே ஒரு தாளைச் செருகி, இறுக்கிக்கொள்ளச் சைகை காட்டிவிட்டு இழுத்தார். சுலபமாக உருவிக்கொண்டு வந்தது. பிறகு முழங்கை நரம்பைத் தடவிப் பார்க்க என் கையைத் தூக்கி, "பிடி, பிடி" என்றார். நான் அவர் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"கையைத் தளர்த்தி விடச் சொல்றாருங்க," என்றாள் மனைவி. "கன்னடத்துல பிடின்னா விடுங்கன்னு அர்த்தம்."

டாக்டர் விளக்கியதையும் அவளே தமிழில் சொன்னாள்.

"மாத்திரை மேல தப்பு இல்லையாம். கிருமி செத்துக்கிட்டுதான் இருக்காம். இத்தனை நாள் கண்டுக்காம இருந்த உங்க எதிர்ப்பு சக்தி இப்பதான் முழிச்சிக்கிட்டு, செத்ததுங்களோட சண்டை போடுதாம். அதுங்க ஒளிஞ்சிருந்தது நரம்புல. அதனால அடி நரம்புக்கு விழுதாம்."

டாக்டர் நிறுத்திய பிறகும் அவள் தொடர்ந்தாள். "உங்கள மாதிரியேதான். எல்லாம் முடிஞ்சப்புறம் போய்க் கத்துறது."

பழைய மாத்திரையை நிறுத்தக் கூடாது. சண்டையை அடக்க வேறொரு மாத்திரை. நரம்பு போய்விட்டால் விரல் மடங்கியே நின்றுவிடும் என்றும் டாக்டர் சொன்னார். அதை மட்டும் அவள் தமிழில் சொல்லவில்லை. அவர் விரலை மடக்கிக் காட்டியதில் எனக்கே புரிந்தது. பயந்துபோனேன்.

புது மாத்திரையில் முகம் உப்பியது. வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறது என்று கடையில் சொன்னார்கள்.

போன வாரம் டாக்டர் மறுபடியும் தாளைச் செருகினார். இழுத்தார், வரவில்லை. பலமாக இழுத்தார், ஓரம் கிழிந்தது. சிரித்துக்கொண்டே "பிடி" என்றார். மனைவியும் "விடுங்க" என்றாள்.

இப்போது எனக்கு அந்த அளவுக்குக் கன்னடம் தெரியும். ஆனாலும் டாக்டர் சொன்னதைத் தமிழாகவே எடுத்துக்கொண்டேன்.