தயிர் சாப்பிட்டவங்க கை தூக்குங்க

வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு ஆள் கூட்டிப் போவதை ஊர் சுற்றும் வேலை என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது, போன ஊரிலெல்லாம் கழிவறை வாசலில் நின்று தலை எண்ணும் வேலை. இதே பிழைப்பில் இருக்கும் நண்பர்களே, உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். கிழக்குத் தாம்பரத்தில் கடை போட்டிருக்கும் நான் போன மார்ச்சில் ஜப்பானுக்கு அழைத்துப் போனது, பெரும்பாலும் சிட்லபாக்கத்து ரிட்டயர்டு ஆசிரியர்களை. வகுப்புக்கு ஒரு டீச்சர் இருந்தாலே தாங்காது; என் பஸ் முழுக்க டீச்சர்கள்.

கிளம்பும் முன்பே கலவரம்

எல்லோரையும் உட்காரவைத்துப் பயணத் திட்டத்தை வாசித்தேன். அதில் சாகே மியூசியம் என்று ஒரு வரி. சாகே என்றால் ஜப்பானிய அரிசி மது என்று விளக்கியதும் க்ளாரா டீச்சர் எழுந்துவிட்டார். "சர்ச் சபையில ஊழியம் பண்ணிகிட்டு சாராயக் கடையைச் சுத்திப் பார்க்கணுமா ஜெனி?" பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

அவருடைய கணவர் எட்வின் சார் கெமிஸ்ட்ரி வாத்தியார், மனைவி பேச்சைத் தட்டாதவர். அன்று தட்டினார். "சர்வீஸ் பூரா போர்டுல நொதித்தல்னு எழுதியிருக்கேன். ஒரு பெரிய தொட்டி நுரைச்சு வர்றதைப் பார்த்ததே இல்லை. அதை எடுத்துட்டா நான் வரலை" என்றார். க்ளாரா டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சரி, போய்த் தொலைவோம். தினமும் வீட்ல இட்லி மாவு பொங்குது, அதைத் திரும்பிப் பார்க்காத மனுஷன்!"

டாக்டரைக் கூப்பிடு

க்ளாரா டீச்சர் சிட்லபாக்கத்திலிருந்தே தயிருக்கு உறை கொண்டு வந்திருந்தார். இரவில் கடைப் பாலைக் காய்ச்சி, ஓட்டல் துண்டில் சுற்றிவைத்து, காலையில் கெட்டித் தயிரோடு இறங்குவார். ஓட்டல் சோறும் அவர் தயிரும் சேர்ந்தால்தான் எங்கள் கூட்டத்துக்கு ஜப்பான் பிடித்தது.

மியூசியம் போகும் நாள் காலை, எல்லோரும் தட்டை நீட்டினோம். எட்வின் சார் மட்டும் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு வெறும் சோற்றை விழுங்கினார். க்ளாரா டீச்சர் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்: "கல்யாணம் ஆனதிலிருந்து தயிர் வேணாம்னு சொன்னதே இல்லை ஜெனி. டாக்டரைக் கூப்பிடு!"

பாதி அரிசி

மியூசியத்தில் ஆளுயர மரத் தொட்டிகளுக்கு யாரும் அசரவில்லை. உயர்ந்த ரகத்துக்கு அரிசியைப் பாதிக்குப் பாதி தீட்டித் தள்ளிவிடுவார்கள் என்று வழிகாட்டிப் பெண் சொன்னபோதுதான் கூட்டம் கொதித்தது. மது பாவமா என்ற விவாதம் அத்தோடு முடிந்தது. கூடுவாஞ்சேரி விஜயா அக்கா அந்தப் பெண்ணிடம் தமிழிலேயே நியாயம் கேட்டார்: "இப்படித் தீட்டினா எங்க மாமியார் அன்னிக்கே என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க, தெரியுமா?"

கை தூக்காத ஒருவர்

கடைசி அறையில் இன்றும் சாகே தயாரிக்கிறார்கள். வாசலில் அந்தப் பெண் நிறுத்தினாள். இன்று நாட்டோ என்ற புளித்த சோயாவோ, தயிரோ சாப்பிட்டவர்கள் உள்ளே வரக் கூடாது. அந்தக் கிருமி போனால் சாகே கெட்டுவிடும். நாட்டோவைக் கண்டாலே நாலடி தள்ளி நிற்பவர்கள் நாங்கள். ஆனால் தயிர்? "தயிர் சாப்பிட்டவங்க கை தூக்குங்க" என்றேன். என் கை உட்பட எல்லாக் கையும் உயர்ந்தது, ஒன்றைத் தவிர.

"முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?" என்று க்ளாரா டீச்சர் மூச்சு வாங்கக் கேட்டார். அவர்கள் கொடுத்த வெள்ளைக் கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டே எட்வின் சார் சொன்னார்: "நேத்து மியூசியம் நோட்டீஸ்ல படிச்சேன். சொல்லியிருந்தா எல்லாரும் உள்ளே வந்து சத்தம் போடுவீங்க. அதான் சொல்லலை."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

நாங்கள் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். தொட்டியில் நுரை மெல்லப் பொங்கி, உடைந்து, மறுபடி பொங்கியது. எட்வின் சார் குனிந்து பார்த்தார், முகர்ந்தார், தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பிறகு அங்கிருந்த இளைஞரிடம் கையை ஆட்டி ஆட்டிப் பாடம் நடத்த ஆரம்பித்தார். அவர் பேசியது தமிழ், அந்த இளைஞர் பேசியது ஜப்பானிய மொழி, இருவரும் விடாமல் தலையாட்டினார்கள்.

பக்கத்தில் க்ளாரா டீச்சர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். கண்ணை எடுக்காமல் சொன்னார்: "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போகூட இந்த மனுஷன் இப்படிச் சிரிக்கலை ஜெனி!"

ஊரைச் சுற்றிக் காட்டுகிறோம் என்றுதான் நாம் விளம்பரம் செய்கிறோம். போனவர்கள் பார்த்துவிட்டு வருவது என்னவோ கூட வந்தவரைத்தான்.