சிவப்புப் பேனாக்காரர்

தேர்தலில் டெபாசிட் பறிகொடுத்த சின்னக் கட்சி அது. நான் உறுப்பினர் இல்லை. ஆனால் அப்பாவின் கட்சி என்பதால், புதுச் சின்னம் ஒன்று வரைந்துகொண்டு எங்கள் வட்டாரமான டத்தோ கிராமாட்டின் கிளைக் கூட்டத்துக்குப் போனேன். சின்னம் மாறினால் கட்சி நிமிர்ந்துவிடும் என்று நம்பினேன். வந்திருந்ததே பதினோரு பேர்தான்.

கிளைச் செயலாளர் ஒல்லியானவர். சட்டையில் கழுத்துப் பொத்தானையும் போட்டிருந்தார். எதைப் பேசுமுன்னும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்றும் துடைத்துவிட்டு, உறுப்பினர் பட்டியலை உரக்கப் படித்தார். இறந்தவர் பெயர் வந்தபோதெல்லாம் சிவப்புப் பேனாவால் அடித்தார்.

கிளைத் தலைவர் மேசையைத் தட்டினார். "ஐம்பதுக்குக் கீழ போனா கிளைய மூடிருவாங்க லா, அண்ணே!"

"செத்தவங்கள வச்சு எத்தனை நாளைக்குத் தம்பி ஓட்டுறது? கட்சியத் திருத்தணும்னா இங்கேருந்துதான் ஆரம்பிக்கணும்."

அடுத்து வந்தது அப்பாவின் பெயர். அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. செயலாளர் நிறுத்தினார், மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"அடிங்க," என்றேன்.

அடித்தார். பிறகு பட்டியலின் கடைசியில், வெற்று வரியில் பேனாவை வைத்தார். "உங்க பேர எழுதட்டுமா?"

நான் சின்னம் வரைந்த தாளைச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன். அவர் பேனாவுக்கு மூடி போடவில்லை. இன்றுவரை போட்டிருக்கமாட்டார் என்றுதான் தோன்றுகிறது.