ஏத்தத்துல இழுக்காத காரு

எங்க தொழில்ல வண்டியைத் திறக்கிறதுக்கு முன்னாடி, கொண்டுவந்தவரு முகத்தைப் பாக்கணும்; பாதி ரிப்பேரு அங்கதான் இருக்கும். போடியில மெக்கானிக் ஷெட்டு வச்சிருக்கிறவன் நான். போடிமெட்டு மலை ரோட்டுல வண்டி திணறி, பின்னாடி பஸ்சுக்காரன் ஆரன் அடிச்சு மானத்தை வாங்க, வேர்த்து விறுவிறுத்து நின்னவங்க உங்கள்ல நிறையப் பேரு இருப்பீங்க. உங்க வயித்தெரிச்சல் எனக்குத் தெரியும். ஆனா தங்கராசண்ணன் காரைக் கொண்டுவந்த நாளு வேற கணக்கு.

தரையில பறக்கும்

தங்கராசண்ணனுக்கு மலைமேல பூப்பாறைக்கு அங்கிட்டு சின்னதா ஒரு ஏலத்தோட்டம். வச்சிருக்கிறது டர்போ வச்ச பெட்ரோல் காரு. ராசிங்காபுரம் ரோட்டுல விட்டா பறக்கும். முந்தல் தாண்டி ஏத்தம் ஆரம்பிச்சதும் 'புஸ்'னு ஒரு சத்தம் வரும். அப்புறம் எவ்வளவு மிதிச்சாலும் மாட்டுவண்டி வேகம்தான். மலைக்காரங்க இதுக்கு ஒரு வழி வச்சிருக்காங்க. கொண்டை ஊசி வளைவு வந்தா ஆளுங்க இறங்கிருவாங்க, வண்டி காலியா ஏறி மேல போய் நிக்கும், இவங்க கதை பேசிக்கிட்டே நடந்து போய் ஏறிக்கிருவாங்க. அதை யாரும் ஒரு குறையாவே நினைக்கிறதில்ல.

வண்டி இன்னைக்கே வேணும்னு நின்னாரு. இத்தனை நாளு விட்டுட்டு இப்ப என்ன அவசரம்னு கேட்டேன். கடுப்பாத்தான் கேட்டேன், ஷெட்டுல வேற வண்டிக பிரிச்சுக் கிடந்துச்சு. அவரு தரையைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. சம்சாரம் பேச்சியம்மா இங்க கீழ ஆஸ்பத்திரியில இருக்காங்களாம். இனி செய்றதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கன்னு டாக்டர் சொல்லிட்டாராம். ஆம்புலன்ஸ்ல போனா படுக்கப் போட்டுருவாங்க, வெளிய ஒண்ணும் தெரியாது. நம்ம காருல முன்சீட்டுல உக்காந்து மலையைப் பாத்துக்கிட்டே வீட்டுக்குப் போகணும்ங்கிறது அந்தம்மா ஆசை. அன்னைக்கே போகணும்.

"முன்னாடியெல்லாம் வண்டி இழுக்கலைன்னா அவ இறங்கி நடந்துருவாண்ணே," ன்னாரு. "இப்ப அவளால இறங்க முடியாது."

எங்க பாத்தாலும் நுரை

டர்போங்கிறது காத்தை அமுக்கி இஞ்சினுக்குள்ள தள்ளுற சாமான். அந்தக் காத்து வழியில எங்கயாவது ஓடிப்போச்சுன்னா ஏத்தத்துல வண்டி செத்துப்போகும். பெட்ரோலைப் பீச்சுற இஞ்செக்டரு சொருகியிருக்கிற இடத்துல ஒரு ரப்பர் ரிங்கு இருக்கும், காத்து அதுவழியா ஓடுறது உண்டு. கண்டுபிடிக்கிறதுக்கு சைக்கிள் டியூப் பஞ்சர் பாக்கிற கதைதான். டர்போ வாயை அடைச்சு, கம்ப்ரஸர் காத்தை அளவா விட்டு, சோப்புத் தண்ணி அடிச்சா ஓட்டை இருக்கிற இடத்துல முட்டை விடும்.

அடிச்சோம். ஒரு இடத்துல முட்டை விட்டா சரி, இது நாலு இஞ்செக்டரைச் சுத்தியும் துணி வெளுக்கிற கல்லு மாதிரி நுரை பொங்குது. என் கூட்டாளி சுருளி மிரண்டுட்டான். அப்புறம் விரலை விட்டு நோண்டி மோந்து பாத்தான், சந்தன வாசம். அட கொடுமையே, இஞ்செக்டரு அடியில எல்லாம் குளிக்கிற சோப்பை அப்பி வச்சிருக்கு. தோட்டத்து ஜீப்புல பெட்ரோல் டேங்கு ஒழுகினா சோப்பை வச்சு அடைக்கிறது மலையில சகஜம். மனுசன் அதே வைத்தியத்தை டர்போ காருக்கும் பாத்திருக்காரு. எந்த ரிங்கு போயிருக்குன்னு நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது? எனக்குப் பொசுக்குன்னு கோவம் வந்து நல்லா ஏசிட்டேன். அவரு குற்றவாளி மாதிரி நின்னாரு.

"பேச்சிக்கு வாங்கின சோப்புண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போனதுல இருந்து சும்மாத்தான் கிடந்துச்சு," ன்னு சொன்னாரு. நான் தண்ணி வாளியை இழுத்துக்கிட்டேன். சுருளி பிரஷ்ஷை எடுத்துக்கிட்டே முனங்கினான்: "பாவம் மாப்ளே, அவரு கையில இருந்ததை வச்சு அடைச்சிருக்காரு."

மதுரை பஸ்சு

சோப்பை எல்லாம் கழுவிட்டு மறுபடி பாத்தா ரெண்டு ரிங்கு அவுட்டு. கழட்டிப் பாத்தா காய்ஞ்ச வடகம் மாதிரி கையில ஒடியுது. அந்தக் காருக்கான ரிங்கு போடியில எந்தக் கடையிலயும் இல்ல. மதுரைக் கடைக்குப் போன் போட்டு, பஸ்சு கண்டக்டர்கிட்ட குடுத்துவிடச் சொன்னேன். நம்ம ஊருல பாதி சாமான் கண்டக்டர் பையிலதான வந்து இறங்குது.

பஸ்சு வர்ற வரைக்கும் தங்கராசண்ணன் ஒரு இடத்துல உக்காரலை. வேற வண்டி ரிங்கு ஏதாவது கிட்டத்தட்ட பொருந்தினா போட்டு விட்டுருங்கண்ணே, வெரசாப் போகணும்னு கெஞ்சுறாரு. சுருளிக்கும் மனசு இளகிருச்சு. நான் முடியாதுன்னுட்டேன். பொருந்தாத ரிங்கு வழியா சூடான இஞ்சின் மேல பெட்ரோல் ஒழுகிச்சுன்னா பாதி மலையில தீப்பிடிக்கும். முன்சீட்டுல இருக்கிற ஆளால கதவைத் திறந்து ஓடவும் முடியாது. இதை அவருகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம சிடுசிடுன்னு விழுந்தேன். அப்ப அவருக்குப் போன் வந்துச்சு. பேசிட்டு, உங்ககிட்ட பேசணுமாம்னு என்கிட்ட நீட்டினாரு. பேச்சியம்மா. மூச்சு வாங்கி வாங்கித்தான் பேசுனாங்க.

"அவரு அவசரப்படுத்துவாரு, நீங்க பையச் செய்யுங்கண்ணே. நான் இருப்பேன்."

ரொம்ப நல்லா இழுத்துருச்சு

ரிங்கு வந்ததும் எண்ணெய் தொட்டு, கிழியாம சொருகி, மறுபடி காத்து விட்டுப் பாத்தோம். ஒரு முட்டை இல்ல. நானும் சுருளியும் அவரை ஏத்திக்கிட்டு முந்தல் தாண்டி ஏத்தத்துல விட்டோம். 'புஸ்' சத்தம் போன இடம் தெரியலை. வளைவெல்லாம் வழுக்கிக்கிட்டு ஏறுது. தங்கராசண்ணன் பின்சீட்டுல உக்காந்து அழுதாரு. நாங்க கண்டுக்கிடாம ரோட்டைப் பாத்தோம். வெயில் இறங்கின நேரம் ஷெட்டு வழியா அந்தக் காரு மலைக்குப் போச்சு. முன்சீட்டுல தலகாணி முட்டுக்குடுத்து, சின்னப்பிள்ளை அளவுல ஒரு உருவம். எங்களைப் பாத்துத் தலையை ஆட்டுனாங்க.

காரியமெல்லாம் முடிஞ்சு, ஆயில் மாத்துறதுக்கு அவரு மட்டும் வந்தாரு. வழியெல்லாம் பேச்சியம்மா பேசிக்கிட்டே வந்தாங்களாம். கீழத்தோட்டத்துல நிழல் மரத்துக் கொப்பைக் கழிக்க ஆளு விடணும், நாய்க்குச் சோறு வைக்க மறந்துராதீங்க, அந்தா பாருங்க மேகம் இறங்குதுன்னு. வீட்டுல கொண்டுபோய்ப் படுக்க வச்சதும் கண்ணை மூடினவங்கதான், அப்புறம் ஒரு பேச்சு இல்ல. விடியக்காலம் போயிட்டாங்க. ஆசைப்பட்ட மாதிரியே கூட்டிட்டுப் போயிட்டீங்களேண்ணேன்னு நான் ஆறுதலுக்குச் சொன்னேன். அவரு பானெட்டு மேல கையை வச்சு நின்னாரு.

"வண்டி ரொம்ப நல்லா இழுத்துருச்சுண்ணே. கொஞ்சம் திணறியிருந்தா, இன்னும் செத்த நேரம் பேசிக்கிட்டு வந்திருப்பா."

இழுக்கலைன்னு வர்ற வண்டிக்கு நான் சோலி பாப்பேன், நல்லா இழுத்துருச்சுன்னு அழுகிறவருக்கு எந்த ஸ்பேனரை எடுக்கிறது, நீங்களே சொல்லுங்க.