‘ஒருங்குவினை’ என்று நான் எழுதிய சொல்

அந்தச் சொல்லைத் தமிழில் கொண்டுவந்து சேர்த்த பாவி நான்தான். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

மைசூரு ஹெப்பாளில் ஒரு சின்னத் தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் எனக்கு வேலை. வருகை, லீவு, ஷிப்ட் எல்லாம் என் கையில். சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கௌதள்ளி. பள்ளிக்கூடத்தில் படித்தது கன்னடம். பிறகு ரோஷத்தோடு அஞ்சல் வழியில் தமிழ் எம்.ஏ. முடித்தேன். எங்களைப் போன்ற கர்நாடகத் தமிழர்களுக்கு ஒரு வியாதி உண்டு. நாள் முழுக்கக் கன்னடம் பேசுவோம். தமிழில் எழுத ஒரு சந்தர்ப்பம் கிடைத்துவிட்டால், சங்கப் பலகையில் இடம் கேட்பவர்களைப் போல எழுதுவோம்.

இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் பகுதியில் பாரம் தூக்கும் செயின் பிளாக் பழுதாகி மூன்று வாரம் அப்படியே கிடந்தது. புகார்ச் சீட்டு இரண்டு முறை என் மேஜை வழியாகத்தான் மேலே போயிற்று. யாரும் அசையவில்லை. ஒருநாள் காலையில் சூப்பர்வைசர், பிரஸ்ஸில் மாட்டும் டையை, அந்தக் கனத்த இரும்பு அச்சை, நாலு பேர் சேர்ந்து கையாலேயே தூக்குங்கள் என்று சொல்லிவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். நால்வரும் காண்ட்ராக்டில் இருக்கும் தமிழர்கள். டை வழுக்கியது. அவர்களில் ஒருவர் என் ஊர்க்காரர், நான் அண்ணா என்று கூப்பிடுபவர். அவருக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின.

அந்தக் கையோடு அவர் இனி பிரஸ்ஸில் நிற்க முடியாது. தவறு கம்பெனியுடையது என்றால் வேறு வேலை கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அவருடையது என்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

விசாரிக்க வெளியிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். அவருடைய ஆங்கில அறிக்கையில் ‘கோஆக்‌ஷன்’ என்று ஒரு சொல் இருந்தது. நான் கேள்விப்பட்டதே இல்லை. அகராதியைப் புரட்டினேன். ஒருவருக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து செய்யும் செயல் என்று போட்டிருந்தது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் எப்போதாவது வருமாம், பேச்சில் யாரும் சொல்வதில்லையாம். ஆலோசகரையே கேட்டேன். “யாரையும் தனியா குத்தம் சொல்லாத வார்த்தை மேடம், ரொம்ப மரியாதையானது” என்றார்.

நால்வரும் கையெழுத்துப் போட அறிக்கையைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்து, ‘நால்வரின் ஒருங்குவினையால் விபத்து நேர்ந்தது’ என்று எழுதினேன். எழுதிவிட்டு இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். அவ்வளவு பெருமை எனக்கு! ‘சேர்ந்து தூக்கியதால்’ என்று எழுதியிருந்தால், நால்வரில் ஒருவராவது “தூக்கச் சொன்னது யாரு?” என்று கேட்டிருப்பார்.

மூவர் கையெழுத்துப் போட்டார்கள். அண்ணா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி இடது கைப் பெருவிரலை வைத்தார். அடுத்த வாரமே நால்வருக்கும் வேலை இல்லை என்று கடிதம் வந்துவிட்டது.

மேலாளர் அறைக்குள் கேட்காமலே நுழைந்தேன். சேர்ந்து செய்தது என்றால், ஏவிவிட்டு நின்றவர் அதில் சேர்த்தி இல்லையா? இரண்டு புகார்ச் சீட்டையும் வாங்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் சேர்த்தி இல்லையா? உற்பத்தி கூடினால் மாலை ஒருவர் கழுத்துக்கு. விரல் போனால் மட்டும் கூட்டு, அதுவும் கீழே இருக்கும் நாலு பேருக்குள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் ஆட்கள் கேட்டுவிடக் கூடாதே என்பதற்காக ஒரு படித்த சொல். இவ்வளவையும் கத்தினேன். அவர் அமைதியாகக் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். “அவங்க பாஷையிலதானே இருக்கு? ஒத்துக்கிட்டுத்தானே போட்டிருக்காங்க?” என்றார்.

புகார்ச் சீட்டுகளின் நகலை எடுத்துக்கொண்டு அண்ணா வீட்டுக்குப் போனேன். தொழிலாளர் துறையில் மனுக் கொடுக்கலாம், யாருக்கும் புரியாதபடி எழுதியது நான்தான் என்று நானே எழுதித் தருகிறேன் என்றேன். வேலை போனால் போகட்டும் என்றும் சொன்னேன். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. இப்படித்தானே அந்த அறிக்கைக்கும் தலையாட்டியிருப்பார்!

“புரியலீன்னா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்கண்ணா? எதுக்கு ரேகை வெச்சீங்க?” என்று அவரிடமும் சத்தம் போட்டேன்.

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: “இங்கிலீசுல இருந்திருந்தா வெச்சிருக்க மாட்டேன் அம்மிணி. கன்னடத்துல இருந்தாலும் நாலு பேருகிட்டக் காட்டிக் கேட்டிருப்பேன். நீ எழுதுனதுன்னு சொன்னாங்க. அப்பறம் நான் யாரைக் கேக்கறது?”