துப்பறிவாளர் வீட்டில் மாலை டூட்டி

பஹ்ரைனில், மனாமாவில் ஒரு தனியார் கிளினிக்கில் நர்ஸாக இருந்த வருடங்களில், மாலை நேரங்களில் ஒரு வயதான அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகரைப் பார்த்துக்கொண்டேன். திருட்டுத்தனமாகத்தான். என் விசா கிளினிக் பெயரில் இருந்தது. வெளியே வேலை பார்ப்பது குற்றம். பாஸ்போர்ட் கிளினிக் மேனேஜரின் அலமாரியில் பூட்டிக் கிடந்தது.

குதைபியா பகுதியில் எங்கள் ரூமில் நான்கு பேர், எல்லோரும் குமரிக் கடற்கரைக்காரர்கள். மூத்த அக்கா முதல் நாளே எச்சரித்தார்.

"ஏட்டி, பிடிச்சாவன்னா மறுநாளே விசாவ கேன்சல் அடிச்சு பிளேன்ல ஏத்தி விட்டுருவாவ. பெறவு கல்ஃப் பக்கமே வர முடியாது, பாத்துக்க."

"தங்கச்சி படிச்சு முடிக்கிறது வரைக்கும் மட்டுந்தான்க்கா."

"எல்லாவளும் அப்பிடித்தான் சொல்லுவா."

நடிகரின் மகள் அங்கே ஒரு பள்ளியில் ஆசிரியை. அம்மா இறந்த பிறகு அப்பாவைத் தனியாக விட மனமில்லாமல் தன்னோடு அழைத்து வந்திருந்தார். கிழவருக்கு மறதி நோய் தொடங்கியிருந்தது. மேடம் பள்ளியிலிருந்து வர ஏழு மணி ஆகும். நாலிலிருந்து ஏழு வரை என் டூட்டி. மாத்திரை கொடுக்க வேண்டும், பிரஷர் பார்க்க வேண்டும், அவர் வெளியே போய்விடாமல் கவனித்துக்கொள்ள வேண்டும்.

வெயில் இருக்கும் வரை அவர் நன்றாகவே இருப்பார். என்னை 'சிஸ்டர்' என்பார். கூடத்துச் சுவரில் அவருடைய இளவயதுப் படம் ஒன்று பெரிதாக மாட்டியிருந்தது. மழைக்கோட்டு, தொப்பி, ஒரு பக்கமாகச் சாய்ந்த சிரிப்பு. அதைப் பார்த்தபடியே தன் கதையைச் சொல்வார்.

அவருடைய அப்பா நெடுஞ்சாலையோரம் பெட்ரோல் பம்ப் வைத்திருந்தாராம். இவர் ராணுவத்திலிருந்து வந்ததும், ஒரு தொலைக்காட்சி ஸ்டுடியோவில் மேஜை நாற்காலி தூக்கும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். ஒரு நாள் ஒரு காட்சியில் பிணமாகப் படுக்க வேண்டியவன் வரவில்லை. "நீ படு" என்று சொல்லிவிட்டார்கள்.

"பதினோரு தடவை செத்திருக்கேன் சிஸ்டர். மூச்சை அடக்குறதுல என்னை மிஞ்ச ஆளே கிடையாது."

பிறகு ஒரு வார்த்தை வசனம், இரண்டு வரி வசனம் என்று வளர்ந்து, கடைசியில் ஒரு தொடரில் துப்பறியும் அதிகாரி ஆனார். வாரம் ஒரு கொலை, ஆறு வருடம். தெருவில் முன்பின் தெரியாதவர்கள் வந்து வீட்டில் திருட்டுப்போனதைச் சொல்லி அழுவார்களாம். ஒரு நாள் ஒரே ஒரு போன், தொடரை நிறுத்திவிட்டார்கள். அதன்பின் எந்த வேஷம் கேட்டுப் போனாலும், பார்க்கிறவர்களுக்கு அந்தத் துப்பறிவாளர்தான் தெரிந்தார். சோபாக் கடைத் திறப்பு விழாக்களுக்கு மழைக்கோட்டோடு போய் நின்றிருக்கிறார். கடைசியாக நடித்தது காது கேட்கும் கருவி விளம்பரத்தில்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். பக்கத்துப் பள்ளிவாசலில் அந்திநேர மக்ரிப் பாங்கு கேட்கும் நேரத்தில் ஆள் மாறிவிடுவார். எழுந்து ஒவ்வொரு கதவாக இழுத்துப் பார்ப்பார். பிறகு என் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்வார்.

"வியாழக்கிழமை எங்கே இருந்தே?"

முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தக் கண்கள் என்னைச் சிஸ்டராகப் பார்க்கவில்லை.

"உன்னை யார் அனுப்பினா? உன் பேப்பர்ல யார் பேரு இருக்கு?"

பழைய வசனம்தான் என்று மேடம் சொல்லியிருந்தார். இருந்தும் நான் கதவுப் பக்கம் பார்ப்பேன். என் பேப்பரில் வேறொருவர் பெயர் இருந்ததே. ஒரு மாலை, அவர் கேட்ட கேட்பில் நானே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

"கிளினிக் பேரு சார். இங்கே வேலை செய்ய எனக்கு அனுமதி இல்லை."

அவர் மெதுவாகத் தலையாட்டினார். "அதான் நினைச்சேன்" என்றார்.

மறுவாரம் ஒரு மாலை. அவருக்குச் சூப் சுடவைத்துக்கொண்டிருந்தேன். உள்ளறையிலிருந்து அவர் குரல் கேட்டது. போனில் யாருடனோ மிகத் தெளிவாக, கட்டிட எண், தெரு எண்ணோடு பேசிக்கொண்டிருந்தார்.

"என் வீட்டுல ஒரு பொம்பளை இருக்கா. தன்னை யாருன்னு சொல்றாளோ அந்த ஆள் இல்லை அவ. உடனே வாங்க."

ஓடிப் போனேன். ரிசீவரை வைத்துவிட்டுப் பைஜாமாவின் மேலே கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"யாருக்கு சார் போன் பண்ணீங்க?"

"போலீசுக்கு."

மேடத்துக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடிவிடலாம் என்று தோன்றியது. கதவுவரை போனேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது; அவரைத் தனியே விட்டால் என்ன ஆகுமோ. திரும்பி வந்து அடுப்பை அணைத்தேன். வாயில் ஜெபம்கூட வரவில்லை. 'மாதாவே, மாதாவே' என்பதோடு நின்றது. கால்மணி நேரத்தில் வாசல் மணி அடித்தது.

இரண்டு போலீஸ்காரர்கள். சின்னவர் என்னைப் பார்த்து ஹிந்தியில், "சி.பி.ஆர். கார்டு தீஜியே" என்று அடையாள அட்டையைக் கேட்டார். கொடுத்தேன். அதில் கிளினிக்கின் பெயர் இருந்தது. அவர் அதைப் பெரியவரிடம் நீட்டினார்.

பெரியவர் கார்டைக் கையில் வாங்கிக்கொண்டே நிமிர்ந்தவர், சுவர்ப் படத்தில் கண்ணை நிறுத்தினார். பிறகு கிழவரைப் பார்த்தார். மறுபடி படத்தை.

"இது நீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "சின்ன வயசுல எங்க வீட்டுல எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து பார்ப்போம். அந்த டிடெக்டிவ் நீங்கதானா?"

கிழவரின் முதுகு நிமிர்ந்தது. அந்தச் சாய்ந்த சிரிப்பு வந்தது. என்னை வெகுநேரம் பார்த்தார். கைது செய்யச் சொல்லப் போகிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

"மன்னிக்கணும் ஆபீசர், நம்பர் மாத்திப் போட்டுட்டேன்" என்றார். "இவ என் மகளோட சிநேகிதி. என்னைப் பார்க்க வந்திருக்கா. இந்தியாவிலேர்ந்து."

குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. பெரியவர் சிரித்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். சின்னவரிடம் தங்கள் இருவரையும் சேர்த்துப் போட்டோ எடுக்கச் சொன்னார். போகும்போது கார்டை என் கையில் தந்தார். அதைப் படித்தாரா இல்லையா என்று இன்றுவரை தெரியாது.

கதவைச் சாத்தியதும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"சார், என்னைத் தெரியுதா?" என்று கேட்டேன்.

குனிந்து உற்றுப் பார்த்தார். "சூப் ஆறிடுச்சா?" என்றார்.

எனக்காகத்தான் நடித்தாரா, அந்த நிமிடத்தில் அப்படியே நம்பினாரா, என்னால் சொல்ல முடியவில்லை. மேடம் வந்ததும் நடந்ததைச் சொல்லி, இனி வர மாட்டேன் என்றேன். அவர் அழுதார். நானும் அழுதேன். ஆனாலும் நான் மறுபடி அங்கே போகவில்லை. சில மாதங்களில் மேடம் அப்பாவை அழைத்துக்கொண்டு தங்கள் நாட்டுக்கே போய்விட்டார். அங்கே அவர் தூக்கத்தில் இறந்துபோனதாகப் பிறகு போனில் சொன்னார்.

அந்த வருடம் முழுக்க, மேனேஜர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே போலீஸ் வந்திருக்கிறதோ என்றுதான் நினைப்பேன். ரூம் கதவை யாராவது தட்டினால் அக்காதான் போய்த் திறப்பார். மேனேஜரிடம் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு லீவில் ஊருக்குக் கிளம்பிய அன்று, ஏர்போர்ட் கவுண்டரில் இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முத்திரை விழும் சத்தம் கேட்கும் வரை நான் மூச்சு விடவில்லை.