கவ்வாத்து வெட்டிய ஜெரேனியம்

இன்று காலை பதுளை வீட்டில் ஜெரேனியத்தை வெட்டியபோது விரல்களில் ஒட்டிய காரமான இலைவாசம், பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது. போன மாரியில் மண்சரிவோடு இறங்கிப்போன லயம் அது. ஆட்கள் முன்பே வெளியேறியிருந்தார்கள், இப்போது வெறும் சிவப்பு மண். அங்கே அம்மா, கொழுந்து பறித்துவிட்டு வந்ததும் கூடையை இறக்கிவைத்து, பால்மா டின்களில் கூழாங்கல் மாதிரிக் குந்தியிருந்த கள்ளிச் செடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். சுவரோரத்தில் ஜெரேனியம், இயேசு பிறந்த நத்தாருக்கு மாதா கோயில் பீடத்தில் வைப்பதற்கென்றே, சிவப்பாக மொட்டு விட்டு நிற்கும்.

ஒரு வருடம், நத்தாருக்கு முந்தின வாரம், தேயிலை மலையில் செடிகளை மட்டம் தட்டிக் கவ்வாத்து வெட்டும் அப்பா, அம்மாவுக்கு உதவுவதாக நினைத்து அந்த ஜெரேனியம் வரிசை முழுவதையும் கவ்வாத்துக் கத்தியால் மேசை மாதிரி ஒரே மட்டத்துக்கு வெட்டிவிட்டார்.

"பூவுக்கு வச்ச செடிங்க இது," என்றார் அம்மா.

"கை அதத்தானே பழகியிருக்கு," என்றார் அப்பா, விழுந்த மொட்டுகளைப் பொறுக்கியபடி.

அந்த நத்தாருக்குப் பீடத்தில் துருப்பிடித்த பால்மா டின்கள்தான் கள்ளிகளோடு வரிசையாக இருந்தன; எல்லாவற்றையும் அப்பாவே சுமந்துபோய் வைத்தார்.

நான் தேயிலையில் ஒரு நாளும் கத்தி வைத்ததில்லை. அதற்காகத்தான் என்னைப் படிக்கவைத்தார்கள். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எட்ட நின்று பார்க்கிறேன். என் ஜெரேனியம் மேசை மாதிரி, ஒரே மட்டமாக நிற்கிறது.